ஆடு தின்ற ஐப்பசி

ஏவிளம்பி வருஷம் புரட்டாசி மாதம் கடைசி நாள் சாயங்காலம், பனவடலிசத்திரத்து மூக்காண்டியின் வெள்ளாடு சர்க்காருடைய ஐப்பசி மாதத்தைத் தின்றுவிட்டது. அரைகுறையாகத் தின்னவில்லை. முதல் தேதியில் வாயை வைத்து, தீபாவளி வழியாக வந்து, கடைசி தேதியையும் மென்று, அடியில் இருந்த அரக்கு முத்திரையையும் உள்ளே தள்ளிவிட்டுத்தான் தலையைத் தூக்கியது.

ஆட்டைக் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. மாதத்தைத் துணியில் ஒட்டக் கஞ்சிப் பசை போட்டிருந்தார்கள். கஞ்சி வாசனை அடிக்கிற எதையும் ஆடு தின்னும். அது ஐப்பசியா ஆனியா என்று அதற்கு யார் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்?

இது நடந்த இடம் சங்கரன்கோவில் மேல ரத வீதியில் அந்த வருஷம் புதிதாகத் திறந்த 'பண்டிகை மூலாதார காலநிர்ணய ஆபீஸ்'. ஊர்க்காரர்கள் வாய் வலிக்காமல் 'நாள் ஆபீஸ்' என்றார்கள். ஒரு பஞ்சாங்கம் இன்றைக்குக் கார்த்திகை என்கிறது, மற்றொன்று நாளைக்கு என்கிறது. சிவன் கோவிலில் ஒரு நாள், பெருமாள் கோவிலில் மறுநாள். இந்த வம்பைத் தீர்க்க ஓர் ஆபீஸ் போடுவதென்று மேலே முடிவாயிற்று. எந்த ஊரில் போட்டாலும் ஒரு கட்சி சண்டைக்கு வரும். கடைசியில் யாரோ ஒருவருக்குச் சங்கரன்கோவில் ஞாபகம் வந்தது. சாமியே பாதி சிவனும் பாதி பெருமாளுமாக நிற்கிற ஊர். யார் என்ன சொல்ல முடியும்?

ஒவ்வொரு பண்டிகையையும் ஆதியில் யார் கொண்டாடினார், எதற்காகக் கொண்டாடினார் என்று விசாரிப்பது ஆபீஸின் வேலை. விசாரித்துச் சரியென்று பட்டால், பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு தாள் சென்னையிலிருந்து முத்திரையோடு வரும். அதைத் துணியில் ஒட்டி, முற்றத்துக் கயிற்றில் காயப்போட்டு, மாதம் பிறக்கிற அன்று வாசல் ஆணியில் மாட்டவேண்டும். மாட்டினால்தான் மாதம் பிறந்ததாகக் கணக்கு. அந்த வருஷம் மழைக்காற்றில் பசை விட்டுப்போனதால், மீதி இருந்த மாதங்களைத் திரும்ப ஒட்டிக் காயப்போட்டிருந்தார்கள்.

மூக்காண்டி அன்றைக்கு மகள் முருகம்மாளுக்கு முகூர்த்தச் சேலை எடுக்க வந்திருந்தார். ஐப்பசி வளர்பிறையில் கல்யாணம். மாப்பிள்ளை சிவகிரி செல்லச்சாமி. ஓட்டிவந்த ரெண்டு ஆட்டில் ஒன்றைச் சந்தையில் விற்று, அந்தக் காசில் சேலை எடுத்தாயிற்று. விலைபோகாத மற்றதை நாள் ஆபீஸ் வேப்பமரத்தில் கட்டிவிட்டு ஒரு டீ குடிக்கப் போனார். திரும்பி வரும்போது முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. மாதம் போய்விட்டது.

ஸ்பெஷல் ஆபீசர் சண்முகையா முற்றத்துக்கு வந்து கயிற்றைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், பிறகு மூக்காண்டியைப் பார்த்தார்.

"இது யாருடைய ஆடு?"

"நம்ம ஆடுதான் ஐயா."

"'நம்ம' என்று சொல்லாதே. சர்க்காரையும் சேர்க்காதே."

"என் ஆடுங்கய்யா. தெரியாமத் தின்னுட்டு. ஒரு தாள்தான, திரும்ப எழுதிக்கிடுங்கய்யா. ஐப்பசின்னா எல்லாருக்கும் தெரிஞ்சதுதான."

சண்முகையா நிதானமான மனிதர். கோபப்படமாட்டார். கோபத்துக்கும் மேலே அனுமதி வாங்கவேண்டும் என்று நினைக்கிறவர்.

"பாரப்பா, மாதத்தைச் சிருஷ்டிக்கிற அதிகாரம் கீழ் ஆபீஸுக்குக் கிடையாது. எங்களுக்கு மாட்டுகிற அதிகாரம் மட்டும்தான். நாளைக்கு நீ ஒரு மாதம் எழுதுவாய், நாளை மறுநாள் கரிவலம்வந்தநல்லூர்க்காரன் ஒன்று எழுதுவான். தேசம் எந்த மாதத்தில் நிற்கும்?"

தேசம் நிற்கிற இடத்தை மூக்காண்டியிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை.

எழுத்தர் பெருமாள்சாமி உத்தரவை எழுதினார். ஆட்டின் வயிற்றில் சர்க்கார் முத்திரை இருப்பதால் ஆடு ஆபீஸ் பொறுப்பு. ஆட்டுக்குச் சொந்தக்காரர் வருகிற ஐப்பசி முதல் தேதி வரைக்கும் ஆபீஸில் தங்கவைக்கப்படுவார். அன்று காலை விடுதலை.

மூக்காண்டி விரலை மடக்கினார். நாளைக்கு ஐப்பசி ஒண்ணு. இவ்வளவுதானா என்று இருந்தது. ஆபீசரைக் கையெடுத்துக் கும்பிட்டார். பழைய பஞ்சாங்கங்களை அடுக்கிவைத்திருந்த அறையில் விட்டுப் பூட்டினார்கள். தெருவைப் பார்க்கக் கம்பி வைத்த ஜன்னல் ஒன்று உண்டு. சேலைப் பொட்டலத்தைத் தலைக்கு வைத்துப் படுத்தார்.

விடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றார். ஆபீசர் வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. வாசலில் நின்றுவிட்டது.

"பெருமாள்சாமி, ஆணியில் என்ன மாதம் இருக்கிறது?"

"புரட்டாசி சார்."

"அப்படியானால் இன்றைக்கு?"

பெருமாள்சாமி ஆணியை இன்னொரு தடவை பார்த்தார். "புரட்டாசித் தொடர்ச்சி சார்."

அப்படியே எழுதிவைத்தார்கள்.

மூக்காண்டி கதவைத் தட்டினார். "ஐயா, என்னைய விடுற நாளுங்கய்யா."

"ஐப்பசி முதல் தேதி விடுவதாகச் சொன்னேன். சொன்ன வாக்கு மாறமாட்டேன். ஐப்பசி வரட்டும்" என்றார் சண்முகையா.

அன்றைக்கே சென்னைக்குக் கடிதம் போயிற்று, புதுசாக ஓர் ஐப்பசி அனுப்பும்படி. தேதி போடாமல் கடிதம் எழுதக்கூடாதே, 'புரட்டாசித் தொடர்ச்சி' என்று போட்டார்கள். சில நாள் கழித்து அதே கடிதம் திரும்பி வந்தது. அப்படி ஒரு தேதி கிடையாது, தேதியில்லாத கடிதத்தைப் பிரிப்பதற்கில்லை என்று மேலேயே எழுதியிருந்தார்கள். பிரித்துப் படித்துத்தான் எழுதியிருந்தார்கள்.

இதில் மூக்காண்டிக்கு அடுத்தபடியாக நொந்துபோனவர் பியூன் சங்கரசுப்பு. புரட்டாசியில் ஆபீஸ்காரர்கள் கறி தின்னக்கூடாதென்று சண்முகையா விதி வைத்திருந்தார். மாதம் முடியட்டும் என்று நாக்கைக் கட்டிப்போட்டிருந்த மனிதர்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுல நேத்து ஆட்டுக்கறி. என் பிள்ளைக எலும்பை உறிஞ்சுது, நான் ரசத்தை உறிஞ்சுதேன். உங்க ஆடு செஞ்ச வேலை."

"நானா தின்னச் சொன்னேன் தம்பி?"

"அது மட்டுமா? தினம் அது போடுற புழுக்கையைக் கிளறி முத்திரை வந்துட்டான்னு பாக்கச் சொல்லுதாரு. எங்க அப்பன் என்னைய எட்டாப்பு வரைக்கும் படிக்கவச்சது இதுக்குத்தான்."

பிறகு பண்டிதர்களை அழைத்தார்கள். ஐப்பசியின் மூலாதாரத்தை நிரூபித்துவிட்டால், புதிய மாதத்துக்குப் புதிதாக மனுப் போடலாம் என்பது ஆபீசரின் யோசனை. சைவப் பண்டிதர் ஒருவர், வைணவப் பண்டிதர் ஒருவர், இருவரையும் நம்பாத ஆராய்ச்சிக்காரர் ஒருவர். மூக்காண்டியையும் சாட்சியாக ஓரத்தில் நிறுத்தினார்கள்.

"ஐப்பசி என்பது ஈசனுக்கு அன்னாபிஷேகம் செய்வதற்காக உண்டானது. வேறு எதற்கும் உண்டாகவில்லை" என்றார் சைவப் பண்டிதர்.

"பெருமாள் நரகாசுரனைக் கொன்றதற்கு அப்புறம்தான் ஐப்பசிக்கே மரியாதை வந்தது. அதற்கு முன்னால் அது சும்மா கிடந்த மாதம்" என்றார் வைணவப் பண்டிதர்.

"இரண்டும் பிற்காலம். ஆதியில் மழைக்காலத்துப் பூச்சி பயிரில் விழாமல் இருக்க விளக்கு வைத்தான் மனிதன். அதுதான் தீபாவளி" என்றார் ஆராய்ச்சிக்காரர்.

சண்முகையா குறித்துக்கொண்டார். "பூச்சித் தரப்பையும் கேட்காமல் ஒரு முடிவுக்கு வரக்கூடாது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு மூக்காண்டியின் முறை.

"ஐப்பசி எப்போது ஆரம்பித்தது என்று சொல்."

"போன வியாழக்கிழமைங்கய்யா."

"அதைக் கேட்கவில்லை. உலகத்தில் எப்போது ஆரம்பித்தது?"

"எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அவரைக் கூப்பிடலாமா?"

"செத்துட்டாருங்கய்யா."

"எப்போது?"

"ஒரு ஐப்பசியிலதான்."

'சாட்சி ஐப்பசியை ஐப்பசியைக் கொண்டே நிரூபிக்கப் பார்க்கிறார், தள்ளுபடி' என்று பெருமாள்சாமி எழுதினார்.

அந்நேரம் வெளியே மழை பிடித்துக்கொண்டது. கரிசல் காட்டையே தூக்கிப் போட்டதுபோல அடைமழை. ஓடு ஒழுகிச் சைவப் பண்டிதர் தலையில் ஒரு சொட்டு, வைணவப் பண்டிதர் தலையில் ஒரு சொட்டு. மழை மட்டும் பட்சபாதம் பார்க்கவில்லை.

"ஐயா, இந்தா பெய்யுதே ஐப்பசி மழை. இதைவிட வேற சாட்சி வேணுமா?" என்றார் மூக்காண்டி.

"மழை கையெழுத்துப் போடுமா?" என்று கேட்டார் சண்முகையா. குடையை விரித்துக்கொண்டே கேட்டார்.

தீபாவளி வந்தது. ஊர் பூராவும் வெடிச் சத்தம். 'ஊரில் கேட்கும் சத்தத்துக்கும் பண்டிகைக்கும் சம்பந்தமில்லை' என்று நாள் ஆபீஸ் வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். அதில் கையெழுத்துப் போட வந்த சண்முகையாவின் தலையில் எண்ணெயும் சீயக்காயும் மணத்தது. புது வேட்டி முனையில் மஞ்சள் வைத்திருந்தது.

மூக்காண்டி அதையே பார்த்தார்.

"இது வீட்டு விஷயம். வீட்டில் என் சம்சாரம் ஆபீசர்" என்றார் சண்முகையா.

கோமதியம்மனுக்கு ஐப்பசித் திருக்கல்யாணம். மேளம் ரத வீதியைச் சுற்றி வந்து ஜன்னலுக்குக் கீழே நின்று முழங்கிப் போயிற்று. அம்பாளுக்கே ஐப்பசி இருக்கிறது, எனக்கில்லையே என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார் மூக்காண்டி.

இங்கிலீஷ் மாதம் ஒண்ணாம் தேதி வந்தது. ஆபீஸே பளிச்சென்று இருந்தது. எல்லோரும் வரிசையில் நின்று சம்பளம் வாங்கினார்கள். மூக்காண்டிக்கு மனசில் ஒரு வெளிச்சம் அடித்தது.

"ஐயா, சம்பளத்துக்கு மாசம் பொறந்துட்டே. அந்த மாசத்துல என்னையும் விட்டுருங்கய்யா. எனக்கு எந்த மாசமானாலும் சரிதான்."

சண்முகையா நோட்டுகளை எண்ணி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "சம்பளம் இங்கிலீஷ் மாதம். நிலவரி பசலி. பழைய பத்திரம் கொல்லம் ஆண்டு. ஆளை அடைப்பது தமிழ் மாதம். இதையெல்லாம் குழப்பினால் நாடு உருப்படுமா? உன் ஒருத்தனுக்காகக் காலத்தைக் கலப்படம் செய்யச் சொல்கிறாயே."

கலப்படக்காரன் என்ற பேர் வேண்டாமென்று மூக்காண்டி அறைக்குள் போய் உட்கார்ந்தார்.

கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது மனைவி பிச்சம்மாள் தூக்குவாளியோடு ஜன்னலுக்கு வந்தாள். மழையில் நனைந்த முக்காட்டைப் பிழிந்து விட்டுக்கொண்டாள்.

"சேலையைத் தாரும். முருகம்மா கட்டணும்லா."

"கல்யாணத்தைக் கார்த்திகைக்குத் தள்ளக் கேட்டியாட்டி?"

"கேட்டேன். சிவகிரிக்காரங்க மாட்டோம்னுட்டாக. 'ஊருக்கெல்லாம் ஐப்பசி நடக்கு, எங்க சம்பந்திக்கு மட்டும் என்ன தனி மாசம்'னு கேக்காக. நான் என்ன சொல்ல? ஆடு தின்னுட்டுன்னா சொல்ல?"

"தாரை யாரு வாக்க?"

"எங்க அண்ணன் வாப்பான்." தூக்குவாளி மூடியைத் திறந்து கம்பி வழியாக நீட்டினாள். "சாப்பிடும். பொண்டாட்டி தாலியில ஒரு முடிச்சு போடத் தெரிஞ்சவருக்கு, ஆட்டுக் கழுத்துல ஒரு முடிச்சு போடத் தெரியலை."

சேலையை உருவிக் கொடுத்தார். கம்பிக்கு நடுவே போகாமல் பொட்டலத்தைப் பிரித்து, மடிப்பு மடிப்பாகக் கொடுக்கவேண்டி வந்தது. சரிகை ஒரு கம்பியில் மாட்டிக்கொண்டது. பிச்சம்மாள் பல்லால் கடித்து எடுத்துவிட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள்.

கல்யாணத்தன்று ஆபீஸில் ஆபீசர் இல்லை. மத்தியானத்துக்கு மேல் வந்தார். நெற்றியில் சந்தனம், கையில் தாம்பூலப் பை. நேரே மூக்காண்டியின் அறைக்கு வந்தார்.

"உன் சம்பந்தி வகையில் ஒருத்தர் எனக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறார். கட்டாயம் வரவேண்டும் என்றார், தட்டமுடியவில்லை. பெண் லட்சணமாக இருக்கிறாள். பையனும் பரவாயில்லை. அவியல் கொஞ்சம் உப்பு."

மூக்காண்டி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அழாதே. நான்தான் முதல் அட்சதை போட்டேன். ஆனால் ஒன்று, ஆபீஸ் முறைப்படி அது நடக்கவில்லை. புரட்டாசியில் முகூர்த்தம் கிடையாது. அதனால் உனக்கு ஒன்றும் தவறிப்போகவில்லை என்று வைத்துக்கொள்."

பையிலிருந்து தேங்காயை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை மூக்காண்டி தொடவில்லை. தேங்காய் உருண்டுபோய்ப் பஞ்சாங்கக் கட்டுக்கு அண்டையில் கிடந்தது.

கார்த்திகை பிறந்தது. அந்தத் தாள் பத்திரமாக இருந்ததால் நேரத்துக்கு மாட்டினார்கள். சங்கரசுப்பு அன்றைக்கே கறி எடுத்துத் தின்றார். மூக்காண்டி மறுபடியும் துண்டை உதறிக்கொண்டு நின்றார்.

"ஐப்பசி முதல் தேதி என்று எழுதியிருக்கிறது. இந்த வருஷம் ஐப்பசி வரவில்லை. அடுத்த வருஷத்து ஐப்பசி வரும், அவசரப்படாதே" என்றார் சண்முகையா. "ஆட்டைக்கூட நான் விடவில்லை, பார்த்தாயா? பாரபட்சம் என்பது என்னிடம் கிடையாது."

மார்கழி போயிற்று. தை போயிற்று. சும்மா உட்கார்ந்து தின்கிறான் என்று பேர் வரக்கூடாதென்று மூக்காண்டிக்கு வேலை கொடுத்தார்கள். முற்றம் பெருக்கினார், தண்ணீர் சுமந்தார், பண்டிதர்களுக்குக் கைகால் கழுவ ஊற்றினார். வெளிக்கதவு மட்டும் பூட்டியே இருந்தது. வேப்பமரத்து ஆடு கொழுத்துவிட்டது. கண்காணாத தூரத்தில் முருகம்மாள் குடித்தனம் நடந்துகொண்டிருந்தது. அவளைத் தாலியோடு அவர் இன்னும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் இருப்பவள் நினைத்தபோது வந்து ஜன்னலில் நிற்க முடியுமா?

பங்குனி கடைசியில் புது வருஷத்துக்கான பன்னிரண்டு மாதங்களும் வந்திறங்கின. துணியில் ஒட்டினார்கள், கயிற்றில் போட்டார்கள். காவலுக்கு யார்? ஆடு மேய்த்தவனுக்குத்தான் ஆட்டை விரட்டத் தெரியும் என்று மூக்காண்டி கையில் ஒரு கம்பைக் கொடுத்துவிட்டு, வாசலைப் பூட்டிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார்கள்.

வெயில் கண்ணைக் குத்தியது. மூக்காண்டி கயிற்றைப் பார்த்தபடி நடந்தார். சித்திரை இந்தக் கோடியில். பங்குனி அந்தக் கோடியில். நடுவில் அவருடைய ஐப்பசி. அது வாசல் ஆணிக்கு வருவதற்குள் இன்னும் ஒரு கோடையும் ஓர் ஆடித் தபசுத் திருவிழாவும் போகவேண்டும். அதற்குள் எந்தக் கழுதை வந்து எதைத் தின்னுமோ.

வாசல் பூட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு ஐப்பசியை மட்டும் கயிற்றிலிருந்து எடுத்து, நாலாக மடித்துத் தலைப்பாகைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டார். கம்பைச் சுவரில் சாத்தினார். வேப்பமரத்துக்குப் போய் முடிச்சை அவிழ்த்தார்.

ஆடு பழகின வீட்டுக்குள் போகிறதுபோலப் போயிற்று. சித்திரையில் ஆரம்பித்தது. நடுவில் ஒரு தாள் தொண்டையில் சிக்கி, கண்ணை உருட்டி விக்கியது. பயந்துபோய் ஓடி, வாளித் தண்ணீரைக் காட்டினார். குடித்துவிட்டு மிச்சத்தையும் முடித்தது. அப்புறம் அதைப் பழையபடி கட்டி, ஐப்பசியைக் கயிற்றில் விரித்துப் போட்டுவிட்டு, கம்பை எடுத்துக்கொண்டு காவலுக்கு நின்றார்.

சண்முகையா வந்து பார்த்தார். வெறும் கயிற்றில் ஒரு மாதம் ஆடிக்கொண்டிருந்தது.

"இது மட்டும் எப்படித் தப்பியது?"

"அதைப் போன தடவையே தின்னு பாத்துட்டுல்லாய்யா. ருசி பிடிக்கல போல."

பெருமாள்சாமி தயங்கிச் சொன்னார்: "பங்குனித் தொடர்ச்சி என்று போட்டுவிடலாமா சார்?"

"எப்படிப் போடுவீர்? பங்குனியோடு வருஷம் முடிகிறது. இந்த ஆபீஸுக்கு அனுமதி வருஷத்துக்கு வருஷம். புது வருஷம் பிறக்காவிட்டால் எனக்கு ஆபீஸ் இல்லை, உமக்கு நாற்காலி இல்லை." சண்முகையா முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். "கையிருப்பில் என்ன மாதம் இருக்கிறது?"

"ஐப்பசி சார்."

"அப்படியானால் ஐப்பசியில் வருஷம் பிறக்கட்டும். ஆதியில் அப்படித்தான் இருந்திருக்கும். மூலாதாரம் பண்டிதர்கள் சொல்வார்கள்."

மூன்று பண்டிதர்களும் சொன்னார்கள். இந்த ஒரு விஷயத்தில் மூவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

விளம்பி வருஷம் ஐப்பசி முதல் தேதி, ஊர் சித்திரை விஷுவுக்கு மாம்பழம் வாங்கிக்கொண்டிருந்த காலை, ஆணியில் ஐப்பசியை மாட்டினார்கள். தார் உருகுகிற வெயிலில் ஆபீசர் அடைமழைக் குடையைப் பிடித்து வந்து சேர்ந்தார். சொன்ன வாக்கு மாறவில்லை. மூக்காண்டியை விட்டார்கள். ஆட்டின் வயிற்றில் இப்போது எந்த வருஷத்து முத்திரை இருக்கிறது என்று தீர்மானிக்க முடியாமல் அதையும் விட்டுவிட்டார்கள்.

காய்ந்துபோன தேங்காயைத் துண்டில் முடிந்துகொண்டு, ஆட்டைப் பிடித்துக்கொண்டு, பொழுது சாய ஊர் வந்து சேர்ந்தார். வீட்டு வாசலில் முருகம்மாள் மாங்காயை உப்பில் தொட்டுக் கடித்துக்கொண்டு இருந்தாள். விஷுவுக்கு வந்திருக்கிறாள். கழுத்தில் தாலி கிடந்தது. மூக்காண்டி அதைப் பார்த்தபடியே நின்றார்.

"என்னப்பா அப்படிப் பாக்குதீக?"

"ஒண்ணுமில்ல தாயி. ஆபீஸ் கணக்குக்கு இன்னைக்குத்தான் ஐப்பசி ஒண்ணு. உனக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

முருகம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் அவருக்கு வயிறு தெரிந்தது.

"சிரிக்காதட்டி, பிள்ளைக்கு ஆகாது" என்று உள்ளேயிருந்து வந்தாள் பிச்சம்மாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள். "உம்ம கணக்கு கிடக்கட்டும். நாங்க கணக்குப் பாத்தாச்சு. ஆவணியில பேறு."

குடித்த தண்ணீர் பாதித் தொண்டையில் நின்றது. மூக்காண்டி திரும்பி ஆட்டைப் பார்த்தார். அது வேலியோரம் படுத்து, எதையோ மெதுவாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. கயிற்றில் இருந்த வரிசையை ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். அன்றைக்குத் தொண்டையில் சிக்கி, அவரே தண்ணீர் காட்டி உள்ளே இறக்கிவிட்டது ஆவணிதான்.